வடிகட்டிய சூப்

மருத்துவமனைச் சமையலறை,
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். தாங்களும் நலம்தானே என்று அடுத்த வரியில் கேட்பது முறை. ஆனால் நீங்கள் நலமாக இல்லை என்று அண்ணி நாலு பக்கம் எழுதியிருக்கும்போது, தெரிந்துகொண்டே கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த நாலு பக்கத்தில் கையெழுத்து மட்டும்தான் அண்ணியுடையது என்பது எனக்குத் தெரியாதா? "சர்க்கரை நோயாளிகளுக்கு உகந்த குளிர்காலச் சூப் வகைகளின் செய்முறையை அளவுகளுடன் அனுப்பவும்" என்று அண்ணி எழுத மாட்டார். அண்ணி எழுதினால், "இந்த மனுஷனுக்கு என்னத்தப் பொங்கிப் போடறதுன்னே தெரியலம்மா" என்றுதான் எழுதுவார். அதுவும் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. நீங்கள் எழுந்து போன நேரமாக இருக்கும்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் நீங்கள் ஓய்வு பெற்ற நாள் விருந்தில், "இவங்க யாரு?" என்று உங்கள் முதலாளி என்னைக் காட்டிக் கேட்டார். "சமையலுக்கு வந்தவங்க" என்றீர்கள். நான் கையில் தட்டோடு உங்களுக்கு மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். தட்டை அப்படியே வைத்துவிட்டு ரயிலேறினேன். அன்றிலிருந்து நமக்குள் பேச்சு இல்லை. இன்றைக்கு அந்தச் சமையலுக்கு வந்தவளிடமே செய்முறை கேட்டு ஆள் விட்டிருக்கிறீர்கள். படித்துவிட்டு நான் சிரித்தேன். அடுப்படியில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் ஒரு நாள் முழுக்க என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று அண்ணி வரிசையாக எழுதியிருக்கிறார். மூன்று வேளையும் சூப்தான், ஆனாலும் வெறும் வயிற்றில் சர்க்கரை இருநூற்று நாற்பது காட்டுகிறது, சூப்பே இவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை போல என்று வருத்தப்பட்டிருக்கிறார். முதலில் எனக்கும் புரியவில்லை. இரண்டாம் பக்கம் திருப்பியதும் புரிந்துவிட்டது. நீங்கள் சூப்பைச் சோதனை செய்கிறீர்களாம்!

சாயத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தை முப்பத்திரண்டு வருஷம் கட்டி மேய்த்தவர் இல்லையா, கை சும்மா இருக்குமா? அந்தக் காலத்தில் சிறுநீரில் சர்க்கரை பார்க்க வைத்திருப்பார்களே ஒரு நீலத் தண்ணீர், அதை எங்கிருந்தோ தேடிப் பிடித்து, சோதனைக் குழாயில் சூப்பையும் அதையும் ஊற்றிக் கொதிக்கவைத்துப் பார்க்கிறீர்களாம். வெங்காயமும் கேரட்டும் போட்ட சூப்பில் நீலம் போய்ச் செங்கல் நிறம் வந்ததாம். அன்றோடு வெங்காயத்துக்கும் கேரட்டுக்கும் உங்கள் வீட்டில் தடை. உருளைக்கிழங்கு லேசாகப் பச்சை காட்டியதால் போனால் போகிறது என்று தேர்ச்சி போட்டுவிட்டீர்கள். சோள மாவு கரைத்த சூப்போ நீலம் மாறாமல் நின்று முதல் மாணவனாக வந்துவிட்டது! ஆகவே காய்களை வேகவைத்து, துணியில் வடிகட்டி, காயைக் குப்பையில் போட்டுவிட்டு, மிஞ்சிய தண்ணீரில் சோள மாவு நாலு கரண்டி கரைத்து, மசித்த உருளைக்கிழங்கும் சேர்த்துக் குடிக்கிறீர்கள். அது வயிற்றில் நிற்காததால் தொட்டுக்கொள்ள நாலு துண்டு ரொட்டி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். உங்கள் வீட்டில் அது நிஜச் சுரைக்காயையும் எடுத்துக் குப்பையில் போட்டுவிடுகிறது.

நான் எட்டாவதுக்கு மேல் படிக்காதவள்தான். எனக்குச் சோதனைக் குழாய் கிடையாது. அதனால் வாயாலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை சொல்கிறேன். வெறும் ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டு, விழுங்காமல் ஐந்து நிமிஷம் மென்றுகொண்டே இருங்கள். இனிக்கத் தொடங்கும். மாவுக்குள் சர்க்கரை வேஷம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. உங்கள் நீலத் தண்ணீருக்கு அந்த வேஷம் தெரியாது, எச்சிலுக்குத் தெரியும். வாய் ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடிப்பதை வயிறு கண்டுபிடிக்காதா? நீங்கள் தினம் மூன்று வேளை சர்க்கரைப் பாகு குடித்துக்கொண்டிருக்கிறீர்கள், அதுவும் சான்றிதழ் கொடுத்துவிட்டு.

இங்கே எங்கள் அடுப்படி கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. குளிர்காலம் வந்தால் மாடியில் இருக்கிற டாக்டர்கள்கூட ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு இறங்கி வந்து பாத்திரங்களின் பக்கத்தில் நிற்பார்கள். சர்க்கரை வார்டுக்கு எங்கள் ஆட்கள் வைத்திருக்கும் பெயர் கரும்புத் தோட்டம். தோட்டத்துக்குப் போகும் கிண்ணங்களுக்குச் சிவப்பு மூடி. மொத்தம் எழுபத்தாறு. அவை திரும்பி வரும்போது நானே பார்ப்பேன். எந்தக் கட்டில்காரர் காயை ஒதுக்கினார், யார் குடிக்காமல் கொட்டினார், யார் ஊரிலிருந்து வந்த பன்னைத் தோய்த்துச் சாப்பிட்டார் என்று கிண்ணத்தின் ஓரம் சொல்லிவிடும். போன மாதம் ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி தலையணை உறைக்குள் பன் பதுக்கியிருந்தார். கேட்டதற்கு, "எங்கிட்டயே விசாரணையா?" என்றார். உங்களைப் போலவே பேச்சு. எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.

இனி செய்முறை. அண்ணியிடம் கொடுத்துவிட்டு நீங்கள் அடுப்படியை விட்டு வெளியே இருங்கள்.

கோழி எலும்பையோ ஆட்டு எலும்பையோ முதலில் வெறும் சட்டியில் பழுப்பாகும்வரை வறுக்க வேண்டும். பிறகு இஞ்சி, பூண்டு, மிளகு தட்டிப் போட்டுச் சிறு தீயில் மூன்று மணி நேரம். ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மறுநாள் கொழுப்பெல்லாம் மேலே வெள்ளைத் தட்டாக உறைந்திருக்கும். அதை அப்படியே தூக்கி எறியலாம். அந்தச் சாற்றில் முட்டைக்கோஸ், பீன்ஸ், காளான், டர்னிப், தண்டுக்கீரை எது கிடைத்தாலும் போடலாம். வெங்காயமும் கேரட்டும் போடலாம், பயப்பட வேண்டாம், ஒரு பாத்திரத்துக்கு ஒன்றிரண்டு கேரட் யாரையும் கொன்றதில்லை. துண்டுகள் பெரிதாக இருக்கட்டும். மென்று சாப்பிட்டால்தான் சாப்பிட்டோம் என்று மனசுக்கே தெரியும். வடிகட்டினால் என் கையால் அறை வாங்குவீர்கள்.

கெட்டியாக வேண்டும் என்றால் சோள மாவு எதற்கு? ஒரு கைப்பிடி பருப்பையோ வெள்ளை பீன்ஸையோ தனியாகக் குழைய வேகவைத்து, பாதியை மசித்து, பாதியை முழுசாக விட்டுக் கலக்க வேண்டும். குளிருக்கு நெஞ்சு வரைக்கும் இறங்கும். வாரத்தில் இரண்டு நாள் பார்லி. முதல் நாளே ஊறவைத்தால் ஒரு ஆளுக்கு இரண்டு மேஜைக் கரண்டி போதும். பருப்பும் பார்லியும்கூட அளவுதான், நல்லது என்று சொன்னேன் என்பதற்காகக் குண்டான் குண்டானாகக் குடிக்கக் கூடாது. உப்பு குறைவாக, எலுமிச்சை கடைசியில். ரொட்டி ஒரு துண்டு, அதுவும் முழுக் கோதுமை. மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நானே எழுபத்தாறு கிண்ணம் அனுப்புகிறவள், சொல்கிறேன், சூப் மருந்து இல்லை.

இன்னொன்று. அண்ணி நாலாம் பக்கத்தின் ஓரத்தில், இடமில்லாமல் குறுக்காக, பொடி எழுத்தில் ஒன்று எழுதியிருக்கிறார். உங்கள் வலது காலில் சுண்டு விரல் பக்கம் ஒரு சின்னப் புண் இருக்கிறதாம், மூன்று வாரமாக ஆறவில்லையாம். அது நீங்கள் சொல்லி எழுதியது இல்லை. என்னைப் பொறுத்தவரை மொத்தக் கடிதமும் அந்த ஓரம்தான். இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள்.

தங்கள் தங்கை,
சமையலுக்கு வந்தவள்.


மருத்துவமனைச் சமையலறை,
திங்கட்கிழமை.

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

தங்கள் பதில் கிடைத்தது. தட்டச்சு செய்து, ஒன்று முதல் ஆறு வரை எண் போட்டு, அடியில் கையெழுத்தும் பழைய பதவியும் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். ஏழு வருஷத்துக்குப் பிறகு கூடப் பிறந்தவளுக்கு எழுதும் கடிதத்தில் "பொருள்: சூப்" என்று தலைப்புப் போட்ட ஒரே மனிதர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். எங்கள் ஸ்டோர்காரர் அதைப் பார்த்துவிட்டு, "யக்கா, எதாச்சும் டெண்டரா?" என்று கேட்டார்.

முதல் குறிப்பில் என் கூற்றுகளுக்கு ஆதாரம் கேட்டிருக்கிறீர்கள். இருபத்தாறு வருஷமாகத் திரும்பி வந்த கிண்ணங்கள்தான் ஆதாரம். அவற்றைத் தட்டச்சு செய்ய முடியாது. மூன்றாவதில் பார்லி மாட்டுத் தீனி என்கிறீர்கள். மாட்டுக்குச் சர்க்கரை நோய் வந்து நான் பார்த்ததில்லை. ஐந்தாவதில், எட்டாம் வகுப்போடு நின்றவர்கள் வேதியியல் பேசுவது வேடிக்கையாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கட்டும். ஆனால் அண்ணி போன் செய்தார். என் கடிதம் வந்த அன்று சாப்பாட்டு மேஜையில் தனியாக உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, வெகுநேரம் ஏதோ மென்றுகொண்டிருந்தீர்களாம். அண்ணி உள்ளே வந்ததும் அவசரமாக விழுங்கினீர்களாம். மறுநாள் நீலப் புட்டியும் சோதனைக் குழாயும் மேஜையில் இல்லையாம். இப்போது வடிகட்டாத சூப்புதானாம், பன்னிரண்டு நாளில் இருநூற்று நாற்பது நூற்று எழுபதுக்கு வந்திருக்கிறதாம். இதை எந்தக் குறிப்பிலும் நீங்கள் எழுதவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தை உங்களிடம்தான் படிக்க வேண்டும்.

தப்பு என்று ஒப்புக்கொள்ளச் சொல்லவில்லை. உங்கள் வாயிலிருந்து அது வராது என்று தெரிந்தே வளர்ந்தவள் நான். ஆனால் ஆறாவது குறிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "காலைப் பற்றிய விஷயம் உணவுக்குத் தொடர்பில்லாதது, எனவே இத்துடன் முடித்துக்கொள்ளலாம்." யார் முடித்துக்கொள்வது? நூற்று எழுபது என்பது சூப் செய்த வேலை. ஆறாத புண்ணை எந்தச் சூப்பும் ஆற்றாது. போய்க் காட்டினீர்களா இல்லையா, அதை மட்டும் ஒரு வரி எழுதுங்கள். எண் போட வேண்டாம்.

தங்கள் தங்கை.


மருத்துவமனைச் சமையலறை,
புதன்கிழமை.

அண்ணா,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. உங்கள் ஊருக்கு வரும் மருந்து வண்டி ஓட்டுநரிடம் கொடுத்து, நாளைக் காலையில் உன் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுவாய். கடிதம் என்றால் தப்புக் கண்டுபிடிப்பதற்காகவாவது கடைசிவரை படிப்பாய்.

இன்று காலை பாத்திரங்களில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் அண்ணி போன் செய்தார். அழுதுகொண்டே பேசினார். நீ குளிக்கும்போதுகூடச் சாக்ஸைக் கழற்றுவதில்லையாம். காலில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு குளிக்கிறாயாம். குளிருக்குப் போட்டிருக்கிறேன் என்கிறாயாம். நேற்று நீ அசந்து தூங்கும்போது அண்ணி மெல்ல இறக்கிப் பார்த்திருக்கிறார். சுண்டு விரல் கறுத்திருக்கிறது, வாடை வருகிறது என்றார். "டாக்டர்ட்ட போலாம்னு சொன்னா மொறைக்கிறாரும்மா, நீ சொன்னா கேப்பாரு" என்றார். நான் சொல்லி நீ எதைக் கேட்டிருக்கிறாய்? அண்ணிக்கு வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

முதலில் எனக்கு வந்தது கோபம்தான். சூப்பில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க நீலத் தண்ணீர் தேடி அலைந்த மனிதனுக்கு, தன் காலைக் குனிந்து பார்க்கத் துணிவில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருட்டாகிவிடுமா? ஊருக்கெல்லாம் சோதனை செய்து சொன்ன மேதாவி, கடைசியில் ஒரு சாக்ஸுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறான். கோழை என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் தன்னைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு, நீ எதற்குப் பயப்படுகிறாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் என்ன, எனக்கு அப்போது பதினொரு வயது. உனக்குப் பத்தொன்பது. அப்பாவுக்கும் இதே நோய், ஏறக்குறைய இதே இடத்தில் புண். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் காலை எடுக்கச் சம்மதம் கேட்டுத் தாளை நீட்டியபோது அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நீதான் கையெழுத்துப் போட்டாய். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். "எம் பையன் எங்காலை எழுதிக் குடுத்துட்டான்" என்று அப்பா வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரிடமும் சொன்னார். அதற்குப் பிறகு ஆறு வருஷம் உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நீ வெளியூரிலிருந்து அனுப்பிய கடிதங்களைப் பிரிக்காமல் வைத்திருந்தார். டாக்டர் என்றால் தாளும் பேனாவும்தான் உன் கண்ணுக்குத் தெரிகிறது. உன் மகனை அந்தத் தாழ்வாரத்தில் நிற்கவைக்க உனக்கு மனசு வரவில்லை.

அண்ணா, நீ கணக்கைத் தப்பாகப் போட்டிருக்கிறாய். அப்பாவின் காலை எடுத்தது உன் கையெழுத்து இல்லை. நாலு மாதம் அப்பா கழற்றாமல் போட்டிருந்த சாக்ஸ் எடுத்தது. முதல் மாதமே காட்டியிருந்தால் ஒரு விரலோடு போயிருக்கும், அதுகூடப் போகாமலும் இருந்திருக்கலாம். இதை நான் எங்கள் சர்க்கரை வார்டில் வருஷத்துக்கு முப்பது தடவை பார்க்கிறேன். சீக்கிரம் வந்தவர்கள் நடந்து போகிறார்கள்.

இனி எழுதப்போவதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். அப்பாவின் கடைசிக் குளிர்காலத்தில் நான்தான் அவருக்குச் சூப் வைத்துக் கொடுப்பேன். இரண்டு வேளையும் நான் வைத்ததைத்தான் குடிப்பார். ஒரு நாள் கிண்ணத்தை வைத்துவிட்டு, "உங்கண்ணன் அன்னிக்குக் கையெழுத்துப் போட்டது சரிதான். போடலன்னா நான் இதையெல்லாம் குடிச்சிருக்க மாட்டேன். அவன் வந்தா சொல்லிடு, எனக்குச் சொல்ல வரல" என்றார். நீ வருவதற்குள் அப்பா போய்விட்டார்.

நான் சொல்லவில்லை. அன்றைக்கு நீ வந்து நின்றபோது, உயிரோடு இருக்கும்போது வராதவனுக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. அனுபவிக்கட்டும் என்று நினைத்தேன். அப்புறம் நீ பெரிய மனுஷனாகிவிட்டாய், சொல்ல வேளை வரவில்லை. அப்புறம் அந்த விருந்து. அதற்கப்புறம் சொல்லாமல் இருப்பதே எனக்கு ருசியாகிவிட்டது. இத்தனை வருஷம் உன்னை மட்டமாகவே எண்ணி வந்திருக்கிறேன். நான் செய்ததைவிட மட்டமான வேலையை நீ ஒருபோதும் செய்ததில்லை. மேஜையில் வைக்க வேண்டிய சாப்பாட்டை அலமாரியில் பூட்டி வைத்தவள் நான்.

இப்போது சொல்லிவிட்டேன். நீ கையெழுத்துப் போட்டதால்தான் எனக்கு ஆறு வருஷம் அப்பா கிடைத்தார். அதற்கு நான் உனக்கு ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை. திட்டுவதென்றால் நேரில் வைத்துத் திட்டு. எண் போட்டே திட்டு.

இதைப் படித்து முடித்ததும் அண்ணியைக் கூப்பிட்டு அந்தச் சாக்ஸைக் கழற்றச் சொல். அப்படியே வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போ. வழியில் எதுவும் யோசிக்காதே. நான் விடுப்பு சொல்லிவிட்டேன், வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வந்து இறங்குகிறேன். உன் வீட்டுக்கு வரமாட்டேன், நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் வருவேன். அங்கே கட்டிலில் நீ இருக்க வேண்டும், அண்ணா. எனக்குக் கூடப் பிறந்தவன் நீ ஒருவன்தான்.

உன் தங்கை.